கண்ணை மூடினால் வெளிச்சம் தெரியுதா? முதல்ல காலைப் பாருங்க

தியானத்தில் உட்கார ஆரம்பித்து ஒரு மாதம் ஆனவர்கள் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "நெத்தியில நீலமா ஒரு வெளிச்சம் தெரிஞ்சது, அது என்னது?" வெளிச்சத்துக்குப் பதில் சத்தமாக இருக்கலாம், உடம்பு ஆடியதாக இருக்கலாம், மடியில் வைத்த கை காணாமல் போனதாக இருக்கலாம். கேட்பவர் மனசில் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும்: "உங்களுக்குத் திறந்துடுச்சு." அதைச் சொல்வதற்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடற்கரைக்குப் போகிற வழியிலேயே கிடைப்பார்கள். அவர்களிடம் போவதற்கு முன்னால் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நம்ம கரைக்கும் இந்த விஷயத்துக்கும் தொடுப்பு பழையது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி அடங்கிய இடம் என்று ராமேஸ்வரம் கோயிலுக்குள்ளேயே காட்டுவார்கள். தாயுமானவர் கடைசியில் வந்து சேர்ந்தது ராமநாதபுரம். லட்சுமிபுரத்தில் சமாதி இருக்கிறது. பாம்பன் சுவாமிகள் 1894-இல் பிரப்பன்வலசையில் 35 நாள் தவம் இருந்தார். அங்கே போய்விட்டு வருகிறவர்களில் சிலர் அந்த 35 என்கிற கணக்கை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் எத்தனை வருஷம் நாள் தவறாமல் உட்கார்ந்திருப்பார் என்று யோசிப்பதில்லை. 20 நிமிஷம் நெளியாமல் உட்கார முடியாதவர் 35 நாளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

எனவே உட்காருவதிலிருந்து தொடங்கலாம். "அனுபவம்" என்று வருவதில் பாதிக்கு மேல் உட்கார்ந்த விதத்தில் இருந்துதான் வருகிறது.

கடற்கரையில் உட்காருவதாக இருந்தால் முதலில் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் பக்கம் வேண்டாம். மணல் முகத்தில் அப்பும், காதுக்குள் இரைச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் வடகடல், பெண்கடல் என்கிறோமே, அது குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை பிடித்ததும் எல்லாம் தலைகீழ். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். வலைக்காரர்கள் கரை மாறுகிற மாதிரி நீங்களும் மாறிக்கொள்ள வேண்டியதுதான். நேரம், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் வெயில் ஏறுவதற்குள் எழுந்துவிடலாம்.

காய்ந்த மணலைக் குவித்து ஆறு விரல் உயரத்துக்கு மேடு கட்டுங்கள். உட்கார்ந்ததும் அமுங்கி நாலு விரல் நிற்கும். அதன்மேல் பனையோலைத் தடுக்கு ஒன்றைப் போட்டு, மேட்டின் நடுவில் உட்காராமல் முன்விளிம்பில் உட்காருங்கள். இரண்டு முட்டியும் மணலில் பட வேண்டும், இடுப்பு முட்டியைவிட உயர்ந்திருக்க வேண்டும். இது சரியாக அமைந்தால் முதுகை நிமிர்த்தி வைக்கத் தனியாகப் பாடுபட வேண்டாம், தானே நிற்கும். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் கரையின் சரிவு முன்பக்கமாக இருக்கும், அது நல்லது. கரையோரமாகப் பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் தாழும். கால் மணி நேரத்தில் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துப் பிடிக்கும். இதை "இடகலை (இடப்பக்க மூச்சு நாடி) அடைச்சிருக்கு" என்று சொல்லி மருந்து கேட்பவர்கள் உண்டு. அடைப்பு ஒன்றும் இல்லை, மணல் கோணல். ஈர மணலில் உட்காரவே கூடாது. முக்கால் மணி நேரத்தில் உடம்புச் சூடு இறங்கி நடுக்கம் வரும், அந்த நடுக்கத்துக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

இப்போது கால். முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே தடவிப் பாருங்கள். ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்க வைக்கிற நரம்பு அந்த முண்டைச் சுற்றித்தான் தோலுக்குப் பக்கத்திலேயே போகிறது. சம்மணம் போடும்போது மற்றக் காலின் குதியோ கணுக்காலோ அங்கே அழுத்தினால் 20 நிமிஷத்தில் புறங்கால் மரக்கும். "கால் கரைந்து போனது, உடம்பே இல்லாத மாதிரி இருந்தது" என்கிற அனுபவத்தில் ஒரு பங்கு இந்த நரம்புடையது. சோதனை சுலபம். இரண்டு காலும் ஒரே மாதிரி "கரைந்தால்" அது வேறு விஷயமாக இருக்கலாம். ஒன்று மட்டும் என்றால் நரம்பு. எழுந்திருக்கும்போது கால் விரல் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் கணுக்கால் பிசகும். காலை நீட்டி இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு எழுங்கள். தினமும் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் பாதம் தொங்கிப்போகிற அளவுக்கும் போகும், விளையாட்டு இல்லை. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கால் மாற்றினால் தவம் கெட்டுவிடாது.

கை காணாமல் போவது இதிலிருந்து வேறுபட்டது. அசையாமல் இருக்க இருக்க, கை எங்கே இருக்கிறது என்கிற தகவல் மூளைக்குப் போவது குறைந்துவிடும். உடம்பின் எல்லை மங்கும், மிதப்பது போல இருக்கும், சில சமயம் தலை பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும். நன்றாக அசையாமல் இருந்திருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்று. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, பயமும் வேண்டாம். ரொம்பவும் தொந்தரவாக இருந்தால் கட்டை விரலை ஒருமுறை அசைத்தால் போதும், கை திரும்பி வந்துவிடும்.

மூச்சில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். திருமூலர் கணக்கில் பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. கூட்டினால் 112 மாத்திரை. மாத்திரைக்கு ஒரு நொடி என்று வைத்தால் ஒரே மூச்சு ஏறக்குறைய இரண்டு நிமிஷம். புதிதாக வருகிறவர் இதை எடுத்தால் 64-இல் முக்கால்வாசியைத் தாண்டும்போது நெஞ்சு படபடக்கும், விட்டதும் நாலைந்து மூச்சு வேகமாக இழுப்பார். இப்படி வேகமாக இழுத்து விடுவது தொடர்ந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். உதட்டைச் சுற்றி ஊறும், விரல் நுனி சிலுசிலுக்கும், இன்னும் போனால் விரல்கள் தாமே மடங்கி இழுத்துக்கொள்ளும், தலை லேசாகும், உலகம் தூரமாகத் தெரியும். பார்க்கிறவர் "சக்தி இறங்குது" என்பார். மூச்சை நிதானப்படுத்தினால் சில நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும், அதுதான் சோதனை. தொடக்கத்துக்கு 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, அடக்கவே வேண்டாம், 10 சுற்று, ஒரு மாதம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் பக்கமே போக வேண்டாம்.

உடம்பு ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பதஞ்சலி சமாதிக்குத் தடையாக ஒன்பது சொல்கிறார். நோய், மந்தம், சந்தேகம் என்று போகிற பட்டியல் அது. அந்தத் தடைகளோடு ஒட்டிக்கொண்டு வருபவை என்று இன்னும் நாலு சொல்கிறார். அதில் ஒன்று அங்கம் நடுங்குவது. அவர் அதைத் தொந்தரவுகளோடு சேர்த்துத்தான் எண்ணினார். நாம் அதைச் சாதனைப் பட்டியலுக்கு எப்போது மாற்றினோம் என்று தெரியவில்லை. ஆட்டம் வந்தால் அடக்கவும் வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். கண்ணைத் திறந்து, உள்ளங்கை இரண்டையும் மணலில் அழுத்தி வைத்து பத்து மூச்சு விடுங்கள். நின்றுவிடும்.

புருவ மத்தியில் அழுத்தம், உச்சந்தலையில் சூடு: முக்கால்வாசி நேரம் இது முகத்தின் வேலை. இமைக்குள் இரண்டு கண்ணும் மூக்கை நோக்கிச் செருகிக் கிடக்கும், நெற்றி சுருங்கியிருக்கும், பல் கடித்திருக்கும். தாடையைத் தளர்த்தி, கவனத்தை அடிவயிற்றுக்கு இறக்கி, இரண்டு நிமிஷம் பாருங்கள். போய்விட்டால் தசை இறுக்கம்தான். போகாமல் தலைவலியாக மாறினால் ஒரு வாரத்துக்குப் புருவ மத்தியை விட்டுவிடுங்கள்.

இனி எல்லோரும் கேட்கிற வெளிச்சத்துக்கு வரலாம். கண்ணை மூடிய முதல் ஐந்து நிமிஷத்தில் வருகிற நீலம், ஊதா, பச்சைத் திட்டுகள் கண்ணுக்குள் ஏற்கெனவே இருப்பவை. யார் கண்ணை மூடினாலும் வரும், கவனித்தால் அதிகம் தெரியும். இமைக்குள் கண்ணை மெதுவாக இடமிருந்து வலம் நகர்த்துங்கள். வெளிச்சமும் கூடவே நகர்ந்தால் அது கண்ணின் வெளிச்சம். அக்னி தீர்த்தத்தில் உதய சூரியனை உற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவருக்கு அச்சு அசலாக ஒரு வட்டம் தெரியும். அதுவும் விழித்திரையில் விழுந்த தடம்தான். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை சேதமாகும். அங்கே வலி உணரும் நரம்பு இல்லாததால், வெந்துபோனதுகூட உடனே தெரியாது. திராடகம், அதாவது இமைக்காமல் ஒன்றையே பார்க்கிற பயிற்சி, வேண்டுமென்றால் காற்றில்லாத அறையில் அகல் விளக்கு, கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில், முதலில் ஒரு நிமிஷம். கண்ணில் நீர் கோத்தால் நிறுத்திவிடுங்கள்.

வேறொரு வெளிச்சமும் உண்டு. அது முதல் ஐந்து நிமிஷத்தில் வராது. மூச்சு தானாகவே மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்குப் போன பிறகு வரும். கண்ணை நகர்த்தினாலும் நகராது. கவனம் நிலைத்தால் பிரகாசமாகும், சிதறினால் மங்கும். மூச்சைப் பற்றிய தியானத்தில் இதை நிமித்தம் என்பார்கள். பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்: ஒருவருக்கு நட்சத்திரம் போல, ஒருவருக்கு மணி போல, முத்துப் போல, பஞ்சு போல, சிலந்தி வலை போல, புகை போல, நிலா வட்டம் போல. முத்துக் குளித்த கரை நம்முடையது, இங்கே பலருக்கும் முத்தாகவே தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆளுக்கு ஆள் மாறுவதற்கு அவர் சொல்கிற காரணம், மனசு எதைக் கொண்டு காண்கிறதோ அப்படித் தெரிகிறது என்பது. ஆகவே உங்கள் முத்தையும் அடுத்தவர் நிலாவையும் ஒப்பிட்டு யார் முன்னால் என்று பார்ப்பது வீண்.

அது வந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, திரும்பி அதைப் பார்ப்பது. பார்த்த மாத்திரத்தில் கவனம் மூச்சை விட்டுவிடும், மூச்சு விட்டுப்போனதும் வெளிச்சம் அணைந்துவிடும். மறுநாள் அதையே எதிர்பார்த்து உட்கார்வார். எதிர்பார்ப்பு இருக்கிற இடத்தில் மூச்சு மெலியாது. இப்படியே மூன்று மாதம் போகும். வந்தால் வரட்டும், நீங்கள் மூச்சு படுகிற மூக்கு நுனியை விட்டு நகராதீர்கள். அதுவே வளர்ந்து மூச்சு இருக்கும் இடத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்வரை தொட வேண்டாம்.

சத்தம். நாதம், அதாவது உள்ளே கேட்கிற ஓசை, பத்து என்று திருமூலர் எண்ணுகிறார்: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். இரண்டாவதாகவே கடல் வந்துவிடுவதால் நம்ம ஊர்க்காரருக்கு ஒரு சிக்கல்: உள்ளே கேட்பது எது, வெளியே கேட்பது எது? நாதத்தைப் பிடிக்க நினைப்பவர் கரையில் உட்காராமல் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதே சரி. கட்டை விரலால் காதை அடைத்துக்கொண்டால் கேட்கிற உறுமல் கைத்தசையின் துடிப்பும் ரத்த ஓட்டமும். அதை நாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விசைப்படகு எஞ்சின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காதில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். தியானத்தில் மட்டும் அல்ல, சாப்பிடும்போதும் இருந்தால், ஒரே காதில் மட்டும் கேட்டால், நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது லயம். முக்கால் மணி நேரம் போனதே தெரியாது, இனிமையாக இருந்தது, ஒன்றும் நினைவில்லை. இதைச் சமாதி என்று நினைக்காதவர் குறைவு. ரமணர் இதைப் பிரித்துச் சொன்னார்: மனம் ஒடுங்குவதில் லயம் என்றும் நாசம் என்றும் இரண்டு உண்டு, லயத்தில் ஒடுங்கியது திரும்ப எழும். தூக்கத்திலும் அதுதானே நடக்கிறது? அடையாளம் காண ஒரு வழி, மூச்சை 1 முதல் 10 வரை எண்ணித் திரும்ப 1-க்கு வருவது. 10-ஐத் தாண்டி 17-க்குப் போய்விட்டால் வாய் எண்ணுகிறது, நீங்கள் வேறெங்கோ இருக்கிறீர்கள். எண்ணிக்கையே காணாமல் போய், கழுத்து தொங்கி, தெரியாத முகங்கள் வந்து போனால் அது தூக்கத்தின் வாசல்படி. அந்த வாசல்படியில் முகங்கள் வரும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் வரும், உடம்பு தூக்கிப் போடும். எல்லாருக்கும் வரும். பரிகாரம், ராத்திரிச் சாப்பாடு. பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு நாலரைக்கு எழுந்து உட்கார்ந்தால் வேறு என்ன நடக்கும்? எட்டுக்குள் சாப்பாடு, ஒன்பதரைக்குள் படுக்கை. அப்படியும் வந்தால் கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், இல்லையென்றால் எழுந்து நின்றுகொண்டே தொடருங்கள்.

புல்லரிப்பு, காரணமில்லாத கண்ணீர், உடம்பு முழுக்க ஓர் இன்பம் ஏறி இறங்குவது ஆகியவற்றைப் பௌத்தர்கள் பீதி என்பார்கள், பாலி மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். ஐந்து படி சொல்கிறார்கள். முதலாவது மயிர்க்கூச்சு, இரண்டாவது மின்னல் போல, மூன்றாவது கரையில் அலை வந்து வந்து உடைவது போல. இந்த உவமையை நமக்கு விளக்க வேண்டியதில்லை. இது நல்ல அடையாளம், கவனம் கூடுகிறது என்று அர்த்தம். வந்த அலை போகும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

சித்திகள்? பதஞ்சலியே அவை சமாதிக்கு இடைஞ்சல் என்று சொல்லிவிட்டார். மேலே போகலாம்.

அப்படியானால் எதைத்தான் அடையாளமாக எடுத்துக்கொள்வது? யானையை வசப்படுத்தலாம், கரடி, புலி வாயையும் கட்டலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிற திறம் அரிது என்றார் தாயுமானவர். அந்தச் "சும்மா" எட்டிப் பார்ப்பதற்குச் சில குறிகள் உண்டு, பார்வைக்கு ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. நினைப்பு ஓடுகிறது என்பது ஓடும்போதே தெரிய ஆரம்பிக்கும். முன்பு பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரியும். கோபம் நெஞ்சில் கிளம்புவதற்கும் வாய்க்கு வருவதற்கும் நடுவில் ஒரு சந்து விழும். பஸ்ஸில் ஒருத்தர் காலை மிதித்துவிட்டால் அது ராத்திரிவரை கூட வராது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும். நினைப்பு நின்ற இடைவெளியில் தூக்கம் இருக்காது, வெளியே அலைச் சத்தம், காக்கைச் சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்கும், ஆனால் அதைக் கேட்டு "இது காக்கை" என்று பேசிக்கொள்கிற ஆள் இருக்க மாட்டார். லயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தத் தெளிவுதான். முதலில் இரண்டு மூச்சு நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

ஆபத்தான குறிகளையும் சொல்லிவிட வேண்டும், இதில் சுற்றி வளைக்கக் கூடாது. மூன்று, நாலு ராத்திரி சரியாகத் தூங்காமலேயே சோர்வு தெரியவில்லை, பேச்சும் செலவும் கூடுகிறது, தனக்கு ஒரு பெரிய காரியம் ஒப்படைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது, குரல் கட்டளை இடுகிறது, எழுந்த பிறகும் நாள் கணக்காக உலகம் நிஜமில்லாதது போல இருக்கிறது, சாகத் தோன்றுகிறது. இதில் ஒன்று வந்தாலும் தியானத்தை அன்றே நிறுத்துங்கள். வயிறு நிறையச் சாப்பாடு, ஆள் துணை, கையால் செய்கிற வேலை, உடனே மனநல மருத்துவர். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "தியானமே போதும்" என்று நிறுத்திவிடக் கூடாது. பத்து நாள் மௌன முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகவும் கூடாது. "சாமி வந்திருக்கு, பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று நம்ம மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் போனார்கள், 28 பேர்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள். இரண்டாவதில் என்ன வந்தது, ஒரே வரி, விளக்கம் கூடாது. "நீலம், 5 நிமிஷத்தில், கண்ணோடு நகர்ந்தது" என்கிற அளவுக்கு. ஒரு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முகங்கள் வந்த நாளெல்லாம் தூக்கம் குறைந்த நாளாக இருப்பது கண்ணில் படும். மூன்றாவது கட்டம் வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. அதை நீங்கள் எழுதக் கூடாது. நோட்டை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, "இந்த வாரம் எத்தனை தடவை எரிஞ்சு விழுந்தேன்?" என்று கேட்டு, அவர் சொல்கிற எண்ணிக்கையை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.